யாரும் வைக்காத முந்நூறு கிராம்

ஹட்டனில், போன் திருத்தும் கடைக்கு மேலே
வாடகைக்கு ஓர் அறை.
சன்னலைச் சாத்தினாலும் மூடுபனி
உள்ளே வந்து கணினிக்குப் பக்கத்தில் உட்காரும்.
கண்காட்சிக்குப் பதினோரு நாள்.

கையசைத்தால் சுவரில் பூ விரியும்படி
ஒன்று செய்து வைத்திருந்தேன்.
விரிந்தது. அழகாகவே விரிந்தது.
பெர்லினிலும் சியோலிலும்
இதே பூ இதே நிறத்தில்
ஏற்கெனவே விரிந்து முடிந்ததுதான் சங்கடம்.
கீழ்க்கடை ரொஷாந்தன் பிளேன்டீயோடு வந்தான்.
கையை ஆட்டினான். பூ வந்தது.
"ம்" என்றான்.
அந்த ஒரு "ம்"மில் மூன்று மாதம் உதிர்ந்தது.

அவன் கடை மூலையில் கிடந்தது
ஏதோ தோட்டத்திலிருந்து திருத்த வந்து
யாரும் திரும்பக் கேட்காத
டிஜிட்டல் தராசு.
கொக்கியில் கொழுந்துக் கறை.
கேட்காமலே மேலே தூக்கிவந்து
ஏழு திருகாணி கழற்றினேன்.
உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அலுமினியக் கட்டை,
நான்கு வயர்: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை.
இவ்வளவுதானா?
மலை மலையாய் இறங்கிய கொழுந்தெல்லாம்
இந்தத் துண்டு உலோகம்
மயிரிழை வளைவதைப் பார்த்துத்தான்
பேரா அரைப்பேரா என்று தீர்ந்ததா?

போர்டில் இணைத்தேன். கோட் எழுதினேன்.
கொக்கியில் ஒன்றுமில்லை,
ஆனால் பூச்சியம் நிற்கமாட்டேன் என்றது.
0.11
0.24
0.30
குளிர் ஏறினால் எண் நகரும்,
சரிசெய்ய மூன்று வரி போதும்.
மூன்று வரியையும் எழுதினேன்.
பூச்சியம் பூச்சியமாக நின்றது,
பெரட்டுக்கு நிற்பதுபோல.
பார்க்கச் சகிக்கவில்லை.

இரவு ரயில் ஊரைக் கடந்தபோது
மூன்று வரியையும் அழித்துவிட்டுப் பார்த்தேன்.
எண் ஒருமுறை துள்ளி
மெல்ல வந்து அமர்ந்தது: 0.30

யாரும் வைக்காத முந்நூறு கிராம்.
யார் வைத்தது?

அப்படித்தான் வந்தது.
மின்னல் கின்னல் ஒன்றுமில்லை,
செருப்புக்குள் சிறு கல்.
விடியும்வரை அதன்மேலேயே நடந்தேன்.

பூவைத் தூக்கியெறிந்தேன்.
அறை நடுவே ஒரு கொக்கி, வெறும் சாக்கு.
நாலு சுவரிலும் இடுப்பளவு உயரத்தில்
வெள்ளை வெளிச்சத்தில் ஒரே கோடு,
தேயிலைமேல் மட்டக்கம்பு கிடப்பதுபோல.
பாரம் ஏறினால் கோடு தொய்யும்.
ஏறாவிட்டாலும் சும்மா இருக்காது,
நடுங்கும்.

திறந்த நாளில்
கொழும்பிலிருந்து வந்தவர் கேமரா பையை மாட்டி
கோடு தொய்வதைக் கேமரா இல்லாமல் படமெடுக்கத் தவித்தார்.
பிள்ளைகள் கொக்கியிலேயே தொங்கினார்கள்.
கோடு தரைக்குப் போய்விட்டது.
ஒரே கூச்சல்.

நாலரைக்கு மழை.
நோர்வூட் பஸ்ஸுக்கு நின்ற இந்திராவதி
நனையாமலிருக்கப் படியேறினாள்.
அரிசி, பருப்பு, ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து,
பையோடு கொக்கியில் மாட்டினாள்.
கோடு இறங்கிய இடத்தை
விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சாக்குக்குக் கழிச்சாச்சா?"
"இல்லக்கா."
"தண்ணிக்கு?"
"அதுக்கும் இல்ல."
"அப்ப இது தராசே இல்ல"
என்று சிரித்தாள்.
பையை எடுத்துக்கொண்டாள். பிறகு
என்ன நினைத்தாளோ,
கொக்கியில் வெறும் உள்ளங்கையை வைத்து
அப்படியே நின்றாள்.
சுவரெல்லாம் லேசாகத் தாழ்ந்தது.
கீழே பஸ் ஹார்ன் அடித்தது.
இரண்டாம் முறையும் அடித்தது.

அவள் போனபின்
கோடு பழைய உயரத்துக்கு ஏறவில்லை.
அதற்கும் ஏதோ மூன்று வரி இருக்கும்.
நான் தேடவில்லை.
"ஊடாடும் நிறுவல், கலப்பு ஊடகம்"
என்றிருந்த அட்டையைத் திருப்பி
பின்பக்கம் எழுதினேன்:
இது தராசே இல்ல.

கடை பூட்டிவிட்டு ரொஷாந்தன் வந்தான்.
கையை ஆட்டினான், ஒன்றும் நடக்கவில்லை.
சாக்கைத் தொட்டான். கோட்டைப் பார்த்தான்.
அட்டையை இரண்டு தடவை வாசித்தான்.
"ம்" வரவில்லை.
"எங்க கடைச் சாமானை எப்ப திருப்பித் தருவ?"
என்றான்,
கையைக் கொக்கியிலிருந்து எடுக்காமலே.